ஊசி போட்ட காலும் அம்மாவின் குற்ற உணர்வும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 53 வயது. கடலூர் முதுநகரில் இருக்கிறேன். இரண்டு வயது முடிவதற்குள் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. “காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனேன். இடுப்புல ஊசி போட்டாரு. விடிஞ்சு பார்த்தா கால் துவண்டு கெடக்குது” என்று அம்மா இன்றும் சொல்லி அழுகிறார். என்னை ஊசிக்குத் தூக்கிப் போனது தன் தப்பு என்றே நினைக்கிறார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் இடுப்பளவு குழி தோண்டி என்னை மணலில் நிறுத்திவைத்தவரும் அவர்தான். மருத்துவம் படிக்கும் என் மகள், “அது வைரஸ் ஆயா, ஊசியால வராது” என்கிறாள். அம்மா பேச்சை நிறுத்திக்கொள்கிறார், மனம் ஆறுவதில்லை. யார் சொல்வது சரி? சமீபமாக எனக்கு நல்ல காலும் வலிக்கிறது, சீக்கிரம் களைத்துப்போகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வது சரி. போலியோ வைரஸால் வருவதுதான், வாய்வழியாகக் குடலுக்குள் போவது. ஆனால் உங்கள் அம்மா கண்ணால் கண்டதும் உண்மை. இதை அவரிடம் யாராவது ஐம்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வைரஸ் தொற்றிய பிள்ளைகளில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழும். மற்றவர்களுக்கு வெறும் காய்ச்சலோடு போய்விடும், பெரும்பாலோருக்கு அதுகூட இருக்காது. உடம்பில் வைரஸ் இருக்கிற நேரம் பார்த்துத் தசையில் ஊசி ஏறினால், அந்தத் தசைக்கு வரும் நரம்பைப் பிடித்துக்கொண்டு அது தண்டுவடத்துக்கு ஏறிவிடுகிறது. ஊசி போட்ட காலே விழுந்ததாக அம்மாக்கள் சொல்வது அதனால்தான். பிரிட்டனில் பிராட்ஃபோர்ட் ஹில், நோவெல்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1950-லேயே இதைக் கணக்கெடுத்து எழுதிவிட்டார்கள். நரம்பு வழியாக ஏறும் விதத்தை 1998-இல் எலிகளில் சோதித்தும் காட்டினார்கள். உங்கள் காலுக்கும் அந்த ஊசிதான் காரணம் என்று இத்தனை காலம் கழித்து யாரும் அறுதியிட முடியாது. அம்மா சொல்வது அறியாமைப் பேச்சு அல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

தப்பு அவருடையதா? உங்களுக்குக் கால் விழுந்தது 1974 வாக்கில் இருக்கும். போலியோ சொட்டு மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்ததே 1979-இல்தான். அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் ஊசி. மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஜனங்கள் மறுபடி போகமாட்டார்கள். ஊசி கேட்டவரும் போட்டவரும் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். எந்தக் காய்ச்சலில் ஊசி ஆபத்து என்பதை உங்கள் அம்மாவிடம் வந்து சொல்ல ஆள் இல்லை. அதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

சொட்டு மருந்து வந்த பிறகும் மூன்று முறை குடித்த பிள்ளைகளுக்குக் கால் போயிருக்கிறது. நம் நாட்டில் மூன்று தவணை போதாது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் எழுபதுகளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாக்களும் “ஒழுங்கா குடுத்திருக்க மாட்டே” என்ற பேச்சைக் கேட்டவர்கள்தான். 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் கடைசிக் குழந்தை, 2014 மார்ச் 27-இல் சான்றிதழ் என்று போலியோ ஒழிந்த கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்பட வேண்டிய வேலைதான், வீடு வீடாக ஏறி இறங்கியவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கதையில் அம்மாக்கள் அறிவுரை கேட்கிறவர்களாக மட்டும் வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

மணலில் நிறுத்தியதால் செத்த நரம்பணு உயிர் பெறாது. ஆனால் விழுந்த காலை அப்படியே விட்டால் முட்டி மடங்கி இறுகிவிடும். தினம் நிமிர்த்தி நிறுத்துவதும் நீவி நீட்டிவிடுவதும் அதைத் தடுக்கும், பிசியோதெரபியில் செய்வதும் அதுதான். என் வகுப்பில் கம்பி பூட்ஸ் போட்ட ஒருவன் இருந்தான். உட்காரும்போது முட்டியருகே இருக்கும் பூட்டை நீக்குவான், எழும்போது ‘டக்’கென்று மாட்டுவான். இரண்டு பாதமும் ஒரே அளவில் வளராததால் அவன் வீட்டில் இரண்டு அளவில் இரண்டு ஜோடி செருப்பு வாங்கி, ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். முட்டி மடங்கிப் போயிருந்தால் அந்தப் பூட்ஸையே மாட்ட முடியாது. மகளிடம் இதை அவள் ஆயா எதிரிலேயே பேசச் சொல்லுங்கள்.

உங்கள் வலியைப் பற்றி. போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாகக் களைப்பும் பலவீனமும் வருவதுண்டு. பிழைத்த நரம்புகள் இத்தனை வருடம் இரண்டு பங்கு வேலை பார்த்தவை. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், வலிக்கிறதே என்று உடற்பயிற்சியைக் கூட்டவும் வேண்டாம். ஜிப்மரிலோ வேறு பெரிய மருத்துவமனையிலோ மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். சின்ன வயதில் போலியோ வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்போதுள்ள இளம் டாக்டர்களில் பலர் போலியோ நோயாளியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.