மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணமில்லை. 18-55, 55-250 லென்ஸ்களில் கிளோஸ்-அப் ஃபில்டர் மாட்டிப் பூச்சிகளை எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் 55-250-ல் மாட்டுங்கள். 18-55-ல் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலர் இதை வீண் செலவு என்கிறார்கள்.

கடையில் ஃபில்டர் என்று சொன்னாலும் அது ஒரு பூதக்கண்ணாடிதான். அதில் +1, +2, +4 என்று போட்டிருப்பது டயாப்டர், அதாவது மூக்குக் கண்ணாடிக்குச் சொல்லும் அதே பவர். 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மி.மீ. கணக்கில் தூரம் வரும்: +2 என்றால் 500, +4 என்றால் 250. லென்ஸ் ஃபோகஸ் இன்ஃபினிட்டியில், அதாவது வெகு தொலைவுக்கு வைத்திருக்கும்போது, கண்ணாடிக்கு முன்னால் சரியாக அந்தத் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாக விழும். அதைத் தாண்டினால் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. "மாட்டியதும் ஆட்டோ ஃபோகஸ் போச்சு" என்ற புகாரில் பாதி இதுதான். கேமராவில் கோளாறு இல்லை, நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள்.

லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது ஜூமில் 55, 250 என்று காட்டும் மி.மீ. எண்ணை, அந்தத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம்: படம் பதியும் சென்சாரில் பூச்சி அதன் நிஜ அளவில் எத்தனை மடங்காக விழுகிறது என்பது. 250 மி.மீ.-ல் +2 போட்டால் 250/500, அதாவது 0.5 மடங்கு, பட்டாம்பூச்சிக்குத் தாராளம், அரை மீட்டர் தள்ளி இருப்பதால் அது பறந்தும் போகாது. அதே +2-ஐ 55 மி.மீ.-ல் போட்டால் வெறும் 0.11. 18-55 தானாகவே கால் மீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், அதனால் கண்ணாடி புதிதாகத் தருவது கொஞ்சம்தான்.

+1, +2, +4, +10 என நான்கு சேர்ந்து மலிவாக வரும் செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரங்கள் குழையும், வெள்ளைப் பூ இதழின் விளிம்பில் ஊதா நிறம் படியும். +10 ஏறக்குறைய பொம்மை. இரண்டு மூன்று கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த அக்ரோமேட் ஒன்று வாங்குங்கள்: கேனான் 500டி (அதே பெயருள்ள கேமரா அல்ல, கிளோஸ்-அப் கண்ணாடி) என்றால் +2, ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்றால் +4.8, டிசிஆர்-250 என்றால் +8. 55-250-க்கு டிசிஆர்-150 போதும், 250 மி.மீ.-ல் 1.2 மடங்கு, சுமார் 20 செ.மீ. தூரம். டிசிஆர்-250 இரண்டு மடங்கு தரும், ஆனால் 12 செ.மீ. வரை நெருங்க வேண்டும், கை நடுக்கமும் அதே அளவு பெருகும். முதல் கண்ணாடியாக அது வேண்டாம்.

செட் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? +2, +4 இரண்டையும் அடுக்கலாம், +6 ஆகும். பவர் அதிகமானது லென்ஸை ஒட்டி இருக்கட்டும். யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். மூலைகள் கறுத்தால் ஜூமை இன்னும் நீட்டுங்கள்.

எடுக்கும்போது மேனுவல் ஃபோகஸில் வைத்து, ரிங்கைத் தொடாமல், உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத் தெளிவு வரும் நொடியில் அழுத்துங்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, எஃப் 11. அப்போதும் 0.5 மடங்கில் தெளிவான ஆழம் சுமார் 1.7 மி.மீ., ஒரு மடங்கில் 1 மி.மீ.கூட இல்லை; ஆகவே கண்ணைக் குறிவையுங்கள், இறக்கை வேண்டுமென்றால் அது சென்சாருக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்காது, ஆனால் எஃப் 11 குறைக்கும். கேமராவின் பாப்-அப் ஃபிளாஷை நம்ப முடியாது, நீண்ட ஜூமின் நிழலே பூச்சி மேல் விழும். தனி ஃபிளாஷ், முன்னால் வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ, ஷட்டர் 1/200.