இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானப்படைப் படங்களில் ஒரே குழுவினர் ஆளுக்கொரு உடையில் நிற்பது ஏன்?

ஒழுங்கில்லாத படை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் காரணம் குளிர்.

இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஜெர்மனியில் குண்டு வீசிய பி-17 விமானங்கள் 25,000 அடி உயரத்தில் பறந்தன. வெளியே மைனஸ் 40 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு நின்றவர்களுக்கு ஆரம்பத்தில் ஜன்னலும் திறந்தே இருந்தது. கையுறையைக் கழற்றி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். விமானத்தில் இடத்துக்கு இடம் குளிர் மாறும், அதனால்தான் பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருவர் மெல்லிய தோல் ஜாக்கெட்டிலும், இன்னொருவர் ரோமத்தோடு தைத்த தடித்த ஆட்டுத்தோல் கோட்டிலும், வேறொருவர் மின்சாரத்தில் சூடாகும் உடையிலும் நிற்கிறார்கள். முதலில் வந்த அந்த மின்சார உடை நம் ஊர்த் திருவிழா சீரியல் லைட் மாதிரி, ஓரிடத்தில் கம்பி அறுந்தால் மொத்தமும் போச்சு. இருபது வயதுப் பையன்கள் மணிக்கணக்கில் அதை நம்பித்தான் பறந்தார்கள்.

அப்புறம் அதிகாரிகளின் தொப்பி, ஓரமெல்லாம் கசங்கித் தொங்கும். மேலே ஹெட்ஃபோன் மாட்ட வேண்டும் என்பதால் உள்ளே இருக்கும் விறைப்பான வளையத்தை எடுத்துவிடுவார்கள். போகப்போக கசங்கிய தொப்பிதான் பல தாக்குதல்களைப் பார்த்தவர் என்பதற்கு அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஜாக்கெட்டின் முதுகையும் பாருங்கள். விமானத்தின் செல்லப்பெயரும், போய்வந்த தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டுப் படமும் வரைந்திருப்பார்கள். என் மனதை விட்டு அகலாத படம் 1943 டிசம்பரில் ஜெர்மன் பத்திரிகைகளில் வந்தது: பிடிபட்ட ஓர் அமெரிக்க வீரர், அவர் முதுகில் பெரிய எழுத்தில் 'மர்டர் இன்க்', அதாவது கொலை நிறுவனம். நாஜிப் பிரசாரத்துக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்கா அனுப்புவது கொலைகாரக் கும்பலைத்தான் என்று அந்த ஒரே படத்தை வைத்து எழுதித் தள்ளினார்கள். எதிரி நாட்டில், கைதியாக, அந்த எழுத்தைச் சுமந்துகொண்டு நின்றவரை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

நீல உடை ஏன் இல்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். 1947 வரை விமானப்படை தனிப்படை இல்லை, தரைப்படையின் ஒரு பகுதிதான், அதனால் உடையும் அவர்களுடையதே. படம் எந்த ஆண்டு என்று தெரிய வேண்டுமானால் பின்னால் நிற்கும் விமானத்தின் நட்சத்திரச் சின்னத்தைக் கவனியுங்கள். நடுவில் சிவப்பு வட்டம் இருந்தால் பெரும்பாலும் 1942 மே மாதத்துக்கு முந்தையது. இரண்டு பக்கமும் பட்டை இருந்தால் 1943 நடுப்பகுதிக்குப் பிந்தையது.

இதையெல்லாம் இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட ராணுவக் கோப்புகள் எரிந்துபோயின. பல குடும்பங்களுக்குத் தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று கண்டுபிடிக்க, நெஞ்சில் குத்திய இறக்கைச் சின்னமும் தோள்பட்டை முத்திரையும் தெரிகிற ஒரு பழைய படம் பெரிய துணை. அப்படிப் படம் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள், பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.