‘கையெழுத்துப் போட்டுட்டு வா’ என்ற அப்பாவுக்கு

கேள்வி: வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே மகள், வயது 27. மெக்கானிக்கல் படித்துவிட்டு நான்கு வருடமாக ஒரு தனியார் ராக்கெட் நிறுவனத்தில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறாள். வெயிலிலும் புகையிலும் வேலை. வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இந்தத் துறையில் மேலே இருப்பவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். ப்ளூ ஆரிஜின் தலைவர் அமேசானிலிருந்து வந்தவர். விர்ஜின் கேலக்டிக் தலைவர் டிஸ்னியிலிருந்து வந்தவர். நம் சென்னை அக்னிகுலைத் தொடங்கியவரே வால் ஸ்ட்ரீட்டில் இருந்தவர். யாரும் ஸ்பேனர் பிடித்து மேலே வரவில்லை. ‘வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படி, வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் தருகிறேன்’ என்றால் மறுக்கிறாள். போன மாதம்கூட ஏதோ ஒரு குழாயில் அழுத்தம் நிற்கவில்லை என்று டெஸ்ட்டையே நிறுத்திவிட்டாளாம். 10 பார் அழுத்தத்துக்கு ஏற்றினால் கால் மணி நேரத்தில் அரை பார் இறங்கியதாம். ஆறவிட்டு இரண்டாம் முறை பார்த்தும் அப்படியேதானாம். மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார் என்று ராத்திரி 11 மணிக்குப் போன் செய்து அழுதாள். ‘உனக்கென்ன, கையெழுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதானே’ என்றேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் இந்த வேலையைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத தந்தை, கோவை

பதில்: ஐயா, அமேசானும் டிஸ்னியும் பிறகு. ‘ஏதோ ஒரு குழாய்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அங்கே முதலில் வாருங்கள்.

நீங்கள் மேலாளர் நாற்காலியில் இருந்தவர். வில்லங்கச் சான்றிதழில் தீராத பழைய அடமானம் ஒன்று தெரிகிறது. பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறார். மண்டல அலுவலகத்திலிருந்து ‘மாதக் கடைசி, சீக்கிரம் முடியுங்கள்’ என்று போன் வருகிறது. அந்த லோன் பைலில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? போட்டிருந்தால் இன்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. உங்கள் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு உங்கள் மகள் கையெழுத்துக்குக் கிடையாதா?

அவள் செய்தது என்னவென்று நீங்கள் கேட்கவே இல்லை, நான் சொல்கிறேன். குழாயை நைட்ரஜனால் 10 பாருக்கு ஏற்றி, வால்வை மூடிவிட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். வேகமாக ஏற்றும்போது வாயு சூடாகும். அது ஆற ஆற அழுத்தம் கொஞ்சம் தானாகவே இறங்கும். அனுபவம் இல்லாதவர்கள் அதைக் கசிவு என்று நினைத்துப் பதறுவார்கள். உங்கள் மகள் பதறவில்லை. ஆறவிட்டு மறுபடி பார்த்தாள். கசிவே இல்லாமல் அரை பார் இறங்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் வாயு ஏறக்குறைய 14 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஆறிய குழாயில் கால் மணி நேரத்தில் அது நடக்காது. ஆகவே வாயு எங்கோ வெளியே போகிறது.

அது திரவ ஆக்ஸிஜன் போகும் குழாயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மைனஸ் 183 டிகிரியில் சீல்கள் விறைத்துச் சுருங்கும். சாதாரண வெப்பத்தில் மயிரிழையாகக் கசிந்தது அந்தக் குளிரில் பெரிதாகத் திறந்துகொள்ளலாம். சுற்றியுள்ள காற்றில் ஆக்ஸிஜன் கூடிவிட்டால், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட துணிக்கு ஒரு சின்னப் பொறி போதும். மண்ணெண்ணெய்க் குழாயாக இருந்தால் எஞ்சின் பக்கத்திலேயே தீ. எதுவாக இருந்தாலும் எஞ்சினைச் சோதிக்கும் அந்த ஸ்டாண்டின் பக்கத்தில் மனிதர்கள் நடமாடுகிறார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். டெஸ்ட்டுக்குச் சம்மதம் சொல்லும் அந்தச் சீட்டில்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொன்னீர்கள்.

இதை ஏதோ சின்ன விஷயத்துக்கு அடம் என்று எண்ண வேண்டாம். 2006 மார்ச் 24 அன்று, பசிபிக்கில் குவாஜலின் பவளத் தீவுகளில் ஒன்றான ஓமெலெக்கிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட் பால்கன்-1 கிளம்பியது. எரிபொருள் குழாயில் கசிவு ஏற்பட்டு எஞ்சினில் தீப்பிடித்து, ஏறக்குறைய அரை நிமிடத்தில் எஞ்சின் நின்று ராக்கெட் விழுந்துவிட்டது. முதலில் பழி விழுந்தது, அந்த இணைப்பில் வேலை பார்த்த டெக்னீஷியன் மேல். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. குழாயை இறுக்கிப் பிடிக்கும் அலுமினிய நட் ஒன்று கடல் உப்புக் காற்றில் அரித்து விரிசல் விட்டிருந்தது. அடுத்த ராக்கெட்டில் அந்த நட்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். 2007-இல் இரண்டாவதும் தோற்றது. 2008 ஆகஸ்ட் 3 அன்று மூன்றாவது: முதல் அடுக்கு கழன்ற பிறகும் அதன் எஞ்சினில் மிச்சமிருந்த உந்துதல் அதை முன்னால் தள்ளி, மேலடுக்கில் மோதவைத்தது. கழல்வதற்கு முன் இன்னும் சில விநாடி காத்திருக்கும்படி மாற்றினார்கள். எட்டே வாரத்தில், செப்டம்பர் 28 அன்று, நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை அடைந்தது.

அந்த நான்கு ராக்கெட்டுகளையும் தூக்கிச் சுமந்த ஆட்கள் யார் என்று தேடிப் படித்தீர்களா? எஞ்சின் டாம் முல்லருடையது. ஐடஹோவில் மர லாரி ஓட்டியவரின் மகன். டி.ஆர்.டபிள்யூ. என்ற அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் ஏறக்குறைய 15 வருடம் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தவர். ஹான்ஸ் கோனிக்ஸ்மான் ஜெர்மனியின் பிரெமனில் முனைவர் பட்டம் வாங்கிய பொறியாளர். இன்று அந்த நிறுவனத்தின் தலைவராக இருக்கும் க்வின் ஷாட்வெல் மெக்கானிக்கல் இன்ஜினியர், உங்கள் மகளைப் போலவே. கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் தொடங்கினார். அதை விட்டுவிட்டுப் பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை படித்தார். ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷனில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தார், அங்கே விண்கலங்களின் வெப்பக் கணக்கு பார்த்தார். 2002-இல் ஸ்பேஸ்எக்ஸில் சேர்ந்தது வியாபார வளர்ச்சிக்கு. பறக்காத ராக்கெட்டை அவர் விற்க முடிந்ததற்குக் காரணம், வாங்குபவரின் பொறியாளர் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்ல முடிந்தது. 2008-இல் நிறுவனத் தலைவர். அவரிடம் எம்.பி.ஏ. கிடையாது.

நீங்கள் சொன்ன மூவருக்கு வருகிறேன். ஆளின் கடைசி வேலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் 25 வயதிலிருந்து 35 வயதுவரை என்ன செய்தார், எந்த நிலையில் இருந்த நிறுவனத்துக்குள் வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ப்ளூ ஆரிஜினின் டேவ் லிம்ப் அமேசானில் கிண்டில், அலெக்ஸா கருவிகளைக் கவனித்தவர்தான். ஆனால் அவர் 2023 டிசம்பரில் வந்தபோது அந்த நிறுவனத்துக்கு வயது 23. நியூ க்ளென் ராக்கெட்டின் பி.இ-4 எஞ்சின் ஏற்கெனவே தயார். ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்களை வைத்துப் பலவற்றை வேகமாகத் தயாரிக்க ஆள் தேவைப்பட்டது, அதற்கு வந்தார். விர்ஜின் கேலக்டிக் விற்பது சுற்றுலாப் பயணம், அதனால் டிஸ்னியின் மைக்கேல் கோல்கிளேசியர். அவரும் ஸ்டான்ஃபோர்டில் தொழிலகப் பொறியியல் படித்தவர்.

அக்னிகுல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் கதையில்தான் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல், கொலம்பியாவில் நிதிப் பொறியியல், வால் ஸ்ட்ரீட் எல்லாம் உண்மை. அதற்குப் பிறகு அவர் மறுபடி மாணவராக இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து விண்வெளிப் பொறியியல் படித்தார். 2017-இல் நிறுவனம் தொடங்கும்போது கூடவே சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி இருந்தார். 2024-இல் அவர்களுடைய முதல் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் தயாராக நின்றபோது, பார்க்க ஆள் காத்திருந்தும், நான்கு முறை நிறுத்தினார்கள். நான்காவது முறை, மே 28 அன்று, கடைசி விநாடிகளில். மே 30 காலை அது பறந்தது. உங்கள் மகள் செய்ததும் அதே காரியம்தான்.

‘ஸ்பேனர் பிடித்து யாரும் வரவில்லை’ என்கிறீர்கள். ராக்கெட் லேப் என்ற ராக்கெட் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் பீட்டர் பெக் பல்கலைக்கழகமே போகாதவர். நியூசிலாந்தில் ஃபிஷர் அண்ட் பேக்கல் என்ற வீட்டுச் சாதன நிறுவனத்தின் டூல் ரூமில் அப்ரண்டிஸாக அச்சு செய்யப் பழகியவர். கோவைக்காரருக்கு டூல் ரூமின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் நிதித் தலைமைக்கு செமிகண்டக்டர் துறையிலிருந்து ஆளை எடுத்தார்கள், அது சரி. கணக்குக்குக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும்.

கேத்தி லூடர்ஸ் என்ற பெண்மணியையும் பாருங்கள். முதல் பட்டம் நிதி நிர்வாகத்தில். பிறகு பொறியியலுக்கு மாறி, 1992-இல் நாசாவின் வைட் சாண்ட்ஸ் சோதனை மையத்தில் சேர்ந்து, ஷட்டில் விண்கலத்தின் சிறு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பிரிவைக் கவனித்தார். நாசாவின் மனித விண்பயணப் பிரிவுக்கே தலைவராகி, 2023-இல் ஸ்பேஸ்எக்ஸுக்குப் போய் அவர்களுடைய ஸ்டார்பேஸ் ஏவுதளத்தைக் கவனித்தார். நீங்கள் மகளைத் தள்ளப் பார்க்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் வந்து உயர்ந்தவர்.

கையெழுத்துப் போட மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று பயப்படுகிறீர்களோ என்னவோ. பயம் நியாயம்தான். 1986 ஜனவரியில், சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, அதை மேலே தள்ளும் பக்கவாட்டு ராக்கெட்டான பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் ஏவுதலுக்குச் சம்மதம் தெரிவிக்கும் தாளில் கையெழுத்துப் போடவில்லை. குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துவிடும் என்ற கவலை. மேலிடம் போட்டு அனுப்பியது. ஏழு பேர் இறந்தார்கள். உண்மையைச் சொன்னதற்காக அவரைப் பதவியிறக்கம் செய்தார்கள், அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டது. பூஸ்டரைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது, துணைத் தலைவரானார். அப்படி வராமலே போயிருந்தாலும் அவர் செய்ததுதான் சரி. பிள்ளை சரியானதைச் செய்துவிட்டு அடி வாங்கி வரும்போது பக்கத்தில் நிற்பது பெற்றவர் கடமை. ராத்திரி 11 மணிக்கு அவள் கூப்பிட்டது வேறு யாரையும் இல்லை, உங்களை.

40 லட்சம் பற்றி இரண்டு வரி. 10 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 52,900 ரூபாய், மொத்தம் 63 லட்சத்துக்கு மேல். இருக்கும் ஒரே வீட்டை, மகள் கேட்காத ஒன்றுக்காக அடமானம் வைக்காதீர்கள். பின்னால் நிர்வாகப் படிப்பு தேவைப்பட்டால், ஏழெட்டு வருட அனுபவத்தோடு, நிறுவனம் செலவை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

இப்போது அவளுக்கு வேண்டியது வேறு. நிறுத்திய ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் என்.சி.ஆர். என்ற குறைபாட்டு அறிக்கை எழுதியிருக்க வேண்டும்: என்ன அழுத்தம், எத்தனை நிமிடம், வெப்பநிலை, எந்தக் கேஜ், அது கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது, யாரிடம் சொன்னாள், என்ன முடிவு. கேஜே தப்பாக இருந்திருந்தால் அதுவும் அதில் தெரிந்துவிடும். வாயால் சொன்னது மறுநாள் திட்டாக மாறும், தாளில் இருப்பது மாறாது. மேலதிகாரிக்கு உடன்பாடு இல்லையென்றால் ‘இந்தக் குறையோடு டெஸ்ட் நடக்கலாம்’ என்று விலக்கு எழுதித் தன் பெயரில் கையெழுத்துப் போடட்டும், அது அவர் உரிமை. அவளைப் போடச் சொல்லக் கூடாது.

அந்த நிறுவனத்தின் தரப் பிரிவுத் தலைவர் யாருக்குக் கீழே இருக்கிறார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்குக் கீழேயே இருந்தால், கசிவை விடத் தேதி பெரிதாகிவிடும். அவள் மறுத்த பிறகும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கும் இடம் என்றால் அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும், வேறு ராக்கெட் நிறுவனத்துக்கு.

அடுத்த இரண்டு வருடத்தில் டெஸ்ட் நடத்துவதோடு நிற்காமல் ஒரு பாகத்தைத் தன் பொறுப்பில் கேட்டு வாங்கட்டும். ஒரு வால்வு போதும். அதன் டிராயிங், சப்ளையர், விலை, ஏற்புச் சோதனை, பழுது அறிக்கை எல்லாம் அவள் தலையில். சப்ளையரிடம் விலை பேசுவதும், தாமதத்துக்குக் காரணம் சொல்வதும், ஒரு நாள் டெஸ்ட் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடுவதும் அதிலேயே வந்துவிடும். பிறகு பல பாகங்கள் சேரும் இடம், பிறகு ஒரு முழு எஞ்சின். 

மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம். அவள் வேலையை மதிக்காத வீட்டில் அவளையும் மதிக்க மாட்டார்கள்.

இன்றே போன் செய்யுங்கள். அன்று சொன்னது தப்பு என்று முதலில் சொல்லுங்கள். கசிவு கடைசியில் எந்த இணைப்பில் இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேளுங்கள். எம்.பி.ஏ. பேச்சை அன்று எடுக்காதீர்கள்.