நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூமியையும் விண்வெளியையும் எப்படிக் கற்பிப்பது?

கேள்வி இதுதான்: 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புவி, விண்வெளிப் பாடங்களை எடுத்தால் பிள்ளைகள் கோள்களின் வரிசையையும் பாறை வகைகளையும் அழகாக ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்றும் மனதில் தங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். என் பதில் ஒரே வரிதான். எந்த உண்மையைச் சொல்வதற்கு முன்னாலும் “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுப் பழக்குங்கள்.

மற்ற பாடங்களில் பொருளைக் கையில் கொடுத்துவிடலாம். இலையைப் பறித்து வந்து காட்டலாம், காந்தத்தைக் கொடுத்து விளையாட விடலாம். இங்கே அது நடக்காது. பூமியின் நடுவுக்குள் யாரும் போனதில்லை. டைனோசர் காலத்தில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறோமே, எந்தத் துணிச்சலில்? பிள்ளைக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி. அது வராமல் பூமியின் அச்சுச் சாய்வு 23.5 டிகிரி, வயது 454 கோடி ஆண்டு என்று எண்களை அடுக்கினால், தேர்வு வரை வைத்திருந்து இறக்கிவிடுவார்கள்.

நிலாவிலிருந்து தொடங்குங்கள். அதற்குக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. பாடம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில், எல்லோரையும் குறிப்பேடு போடச் சொல்லுங்கள். சூரியன் மறைந்ததும் வெளியே வந்து நிலா எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், என்ன வடிவத்தில் இருக்கிறது என்று ஒரு சின்னப் படம் வரைந்தால் போதும். மேற்கே கீற்றாக இருந்தது நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே கிழக்கு நோக்கி நகர்வதை அவர்களே பார்ப்பார்கள். பௌர்ணமி தாண்டியதும் “மாலையில் நிலாவையே காணோம்” என்று வந்து நிற்பார்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது என்பதை அப்போது சொல்லுங்கள். அதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் எண். அப்புறம் குறிப்பேட்டைக் காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் வழியில் மேற்கு வானில் வெளிறிய நிலாவைப் பார்த்து வியப்பார்கள். பகலில் நிலா தெரியும் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

பிறைகள் ஏன் உண்டாகின்றன என்று இந்தக் கட்டத்தில் எழுதச் சொன்னால், கணிசமானவர்கள் “பூமியின் நிழல் விழுவதால்” என்றுதான் எழுதுவார்கள். தவறு என்று சிவப்பு மையில் அடிக்காதீர்கள். பௌர்ணமிக்கு ஒரு வாரம் கழித்து, வெயில் அடிக்கும் ஒரு காலையில், அரைநிலா வானில் இருக்கும்போதே வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். ஆளுக்கொரு வெள்ளைப் பந்து. கையை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி பந்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் பட்டு ஒளிரும் பகுதி பந்திலும் நிலாவிலும் ஒரே வடிவமாக இருக்கும். பந்தின் மேல் யாருடைய நிழலும் இல்லை, ஆனாலும் பாதிதான் வெளிச்சம். பிறகு “சூரியன் எந்தப் பக்கம்? பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்?” என்று மட்டும் கேளுங்கள். நிழல் எப்போதும் சூரியனுக்கு நேரெதிர்த் திசையில்தான் விழும். நிலாவோ சூரியனிலிருந்து கால் வட்டம் தள்ளி நிற்கிறது. நிழல் விளக்கம் தானாகவே விழுந்துவிடும். நான் பார்த்தவரை, இந்தப் பாடத்தில் இதற்கு இணையான ஒரு செயல்பாடு இல்லை. (பிள்ளைகள் சூரியனை நேராகப் பார்த்துவிடாதபடி கவனமாக இருங்கள்.)

இருட்டறையில் ஒற்றை விளக்கு வைத்து, பிள்ளையின் தலையே பூமி, கையிலிருக்கும் பந்தே நிலா என்று சுற்றவிடுவது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். அதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்தால் பௌர்ணமி வரும். தலைக்கு நேராகப் பிடித்தால் தன் தலையின் நிழலே விழுந்து சந்திர கிரகணம் ஆகிவிடும். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை என்பது அங்கேயே புரிந்துவிடும். இன்னொன்று: புத்தகத்தில் பிறை நின்றபடி இருக்கும், நிலநடுக்கோட்டுக்கு அருகே வசிப்பவர்களுக்கு அது படுத்த மாதிரி தெரியும். பிள்ளை வரைந்தது புத்தகப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பிள்ளையின் படத்தை நம்புங்கள்.

பருவகாலங்களிலும் இதே வழிதான். கோடையில் ஏன் வெயில் அதிகம் என்று கேட்டால் “பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது” என்பார்கள். அது முட்டாள்தனமான பதில் இல்லை; நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்ற அனுபவத்திலிருந்து வருவது. அதனால்தான் அதைப் பெயர்ப்பது கடினம். இரண்டே தகவல் கொடுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில். மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கி.மீ. அந்த ஜனவரியில் ஐரோப்பாவில் பனி, ஆஸ்திரேலியாவில் கோடை. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்வார்கள், போடட்டும்.

இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம் பாடநூல் படங்கள் என்பது என் உறுதியான எண்ணம். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வரைவதால் பூமியின் பாதை நீண்ட முட்டை வடிவமாகத் தெரிகிறது. அளவுப்படி, 10 செ.மீ. ஆரமுள்ள பாதையை வரையச் சொல்லுங்கள். வெறும் வட்டம்தான் வரும். சூரியன் மையத்திலிருந்து 2 மி.மீ. கூட விலகியிருக்காது. பிறகு டார்ச் விளக்கைக் கட்டத்தாளில் நேராகவும் சாய்வாகவும் அடித்து, வெளிச்சம் எத்தனை கட்டத்தில் பரவுகிறது என்று எண்ணவிடுங்கள். அதே வெளிச்சம் அதிகக் கட்டங்களில் பரவினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பங்கு குறைவு. கூடவே பகல் நீளத்தையும் சேருங்கள். வட அட்சம் 60 டிகிரியில் ஜூன் கடைசியில் பகல் 18 மணி நேரத்துக்கும் மேல், டிசம்பர் கடைசியில் சுமார் 6 மணி நேரம். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்பதற்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது.

அடுத்தது அளவு. ஒரு கூடைப்பந்தைப் பூமி என்று வைத்துக்கொண்டால் நிலா ஒரு டென்னிஸ் பந்து. இரண்டையும் கொடுத்து, “சரியான தூரத்தில் வையுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் வைப்பார்கள். உண்மையில் 7 மீட்டருக்கும் மேல், வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. அதே பந்தை வைத்துக்கொண்டு மேலே போங்கள். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம், பந்தின் தோலிலிருந்து வெறும் 7 அல்லது 8 மி.மீ. இதைப் பார்த்த பிள்ளைக்கு “அங்கே ஈர்ப்புவிசை இல்லை” என்று நம்புவது சிரமமாகிவிடும். அந்த உயரத்திலும் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு உண்டு. நிலையமும் அதிலிருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் மிதக்கிறார்கள். சூரியன் இந்த அளவில் 26 மீட்டர் அகலம், 2.8 கி.மீ. தள்ளி. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் எங்கே என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்: சுமார் 7.5 லட்சம் கி.மீ. வரும். நிஜ நிலா இருக்கும் தூரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! பூமியைக் கூடைப்பந்தாகச் சுருக்கிய பிறகும் இவ்வளவு தூரம்.

பந்தைக் கீழே வைக்காமல் பூமிக்குள்ளும் போகலாம். மனிதர்கள் தோண்டியதிலேயே ஆழமானது ரஷ்யாவின் கோலா துளை, 12,262 மீட்டர். பந்தில் அது கால் மில்லிமீட்டர் கூட இல்லை. அப்படியென்றால் உள்ளே திடமான கரு, அதைச் சுற்றித் திரவக் கரு என்றெல்லாம் படம் போடுகிறோமே, எப்படித் தெரியும்? பதில் நிலநடுக்க அலைகளில் இருக்கிறது. பிள்ளைகளைத் தோளோடு தோள் நிற்கவைத்து ஒரு முனையில் மெல்லத் தள்ளினால் முதன்மை அலை. கைகோத்து நின்று முன்னும் பின்னும் அசைந்தால் இரண்டாம் அலை. இப்போது நடுவில் சிலரைக் கைகளை விட்டுவிடச் சொல்லுங்கள், அவர்கள்தான் திரவம். தள்ளும் அலை கடந்துபோகும், அசையும் அலை அங்கேயே நின்றுவிடும். பூமியின் மறுபக்கத்தில் இரண்டாம் அலைகள் வந்து சேரவில்லை என்பதிலிருந்து உள்ளே திரவம் இருப்பதை அறிந்தார்கள். 1936-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன், வரக்கூடாத இடத்தில் வந்து சேர்ந்த மெலிதான அலைகளைக் கவனித்து, அந்தத் திரவத்துக்குள் இன்னொரு கரு இருக்க வேண்டும் என்று சொன்னார். தோண்டாமலே கண்டுபிடித்தது இது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. படங்களில் கருவுக்கும் மேலோட்டுக்கும் இடையிலுள்ள கவசத்தை ஆரஞ்சு நிறத்தில் தீட்டுவதால் அது முழுக்க உருகிய குழம்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், சில ஆசிரியர்களும்கூட. கவசம் பெரும்பாலும் திடப்பாறை. திடமாக இருந்துகொண்டே, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மிக மெதுவாக நகர்கிறது. பாறைக்குழம்பு உருவாவது சில இடங்களில் மட்டும்தான்.

பூமியின் மேற்புறத்தில் மெதுவாக நகரும் பெரிய பாறைத் தட்டுகளைக் கற்பிக்க எனக்குப் பிடித்த வழி, நிலநடுக்கத் தரவைக் கையில் கொடுப்பது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில், கடந்த 30 நாளில் உலகெங்கும் பதிவான நிலநடுக்கங்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். வெற்று உலக வரைபடத்தில் அட்சம், தீர்க்கம் பார்த்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் தட்டுகளின் எல்லைகள் தாளில் தெரிய ஆரம்பிக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே “ஏன் எல்லாம் கோடு கோடாக வருகிறது?” என்பார்கள். அப்போது கதையைச் சொல்லுங்கள். 1912-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தெற்கிலும் மட்டுமே கிடைக்கும் மீசோசாரஸ் என்ற ஊர்வனத்தின் புதைபடிவம் அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. நகர்த்தும் விசை எது என்பதற்குச் சரியான விடை அவரிடம் இல்லாததால் பலர் ஏற்கவில்லை. 1950-களில் அமெரிக்கப் புவியியலாளர் மேரி தார்ப், பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதி கிடைக்காமல், மற்றவர்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்துக் கடலடியை வரைந்தார். அட்லாண்டிக் நடுவே ஓடும் மலைத்தொடரின் முகட்டில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். உடன் வேலை செய்தவரே முதலில் நம்பவில்லை. நிலநடுக்கப் புள்ளிகளை அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டபோது அவை பள்ளத்தாக்கின் மேலேயே அமர்ந்தன. பிள்ளைகள் சற்று முன் செய்ததும் அதே வேலைதான் என்று சொல்லுங்கள். அட்லாண்டிக் இன்றும் நம் நகம் வளரும் வேகத்தில் அகன்றுகொண்டிருக்கிறது.

காலத்துக்கு ஒரு கயிறு போதும். 1 செ.மீ. என்றால் 10 லட்சம் ஆண்டு. பூமியின் வயது 45 மீட்டருக்குச் சற்று மேல் வரும். உயிரின் மிகப் பழைய தடயங்கள் இன்றிலிருந்து சுமார் 35 மீட்டர் பின்னால். டைனோசர்கள் தோன்றியது 2.3 மீட்டரில், பறவைகள் தவிர மற்றவை அழிந்தது 66 செ.மீ.-இல். நம் இனம் வெறும் 3 மி.மீ. மனிதனும் டைனோசரும் ஒன்றாக வாழ்ந்ததாக நினைக்கும் பிள்ளையிடம் கயிற்றின் முனையைக் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாறைகள், வானிலைக்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கல்லைப் பொறுக்கி வந்து வகைப்படுத்தட்டும், வெப்பநிலையையும் மேகத்தையும் தினமும் குறிக்கட்டும். கையால் தொடக்கூடியவை என்பதால் அவை தாமாகவே மனதில் பதிந்துவிடும்.

“இதற்கெல்லாம் நேரம் எங்கே?” என்பீர்கள். நியாயமான கேள்வி. கோள்களின் விட்டம், துணைக்கோள்களின் எண்ணிக்கை போன்ற பட்டியல்களைக் குறைத்துவிடுங்கள். துணைக்கோள் எண்ணிக்கை எப்படியும் மாறிக்கொண்டே இருக்கிறது, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம். பந்துக்கும் கயிற்றுக்கும் ஒவ்வொரு வகுப்புவேளை போதும். நிலாக் குறிப்பேடு வீட்டிலேயே நடந்துவிடும்.

தேர்வுக் கேள்வியையும் மாற்றாவிட்டால் இவ்வளவும் வீணாகிவிடும். “பருவகாலம் உண்டாகக் காரணம் என்ன?” என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். “ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் அப்போது ஏன் குளிர்?” என்று கேளுங்கள். “உச்சிவெயிலில் தலைக்கு மேலே முழுநிலாவைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். நம்புவீர்களா? காரணம் எழுதுக” என்று கேளுங்கள். முடிவு சற்றுத் தவறினாலும் காரணம் கோவையாக வந்திருந்தால் தயங்காமல் மதிப்பெண் போடுங்கள்.