ஒத்து ஊதுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

மதுரை செல்லூரில் இருக்கிறேன். லேப்டாப்பில் டார்க் ஆம்பியன்ட் இசை செய்கிறேன். மெட்டு, தாளம் கிடையாது. இருட்டான ஓர் இடத்துக்குள் நிற்பது போல இருக்கும். ஒன்று அனுப்பியிருக்கிறேன். 40 நிமிடமும் ஒரே சுருதிதான், மன்னிக்கவும். நடுவில் வரும் குகைக் காற்று ஐஸ்லாந்துக் குகை ஒன்றினுடையது, இணையத்தில் இலவசமாக இறக்கினேன். கரண்ட் இரைச்சல் வேறு விழுந்திருக்கிறது, அதற்கும் மன்னிக்கவும். அம்மா, “எழவு வீடு மாதிரி இருக்கு, நிறுத்துடா” என்கிறார். நண்பர்கள், “பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்கிறார்கள். இது இசைதானா? சென்னைக்குப் போனால் கேட்க ஆள் கிடைக்குமா?

கு.

அன்புள்ள கு.,

ராத்திரி 11 மணிக்கு ஹெட்போனில் கேட்டேன். முதல் பத்து நிமிடம் எரிச்சல். அப்புறம் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எழுந்து லைட்டைப் போட்டேன்.

சென்னையை விடுங்கள். இசையா என்ற கேள்வியையும் விடுங்கள். பாரிஸ் ரயில் நிலையத்து இன்ஜின் சத்தங்களைக் கோத்து பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சுக்காரர் 1948லேயே வானொலியில் ஒலிக்கவிட்டாயிற்று. அம்மா சொன்னதும் சரிதான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து முனக வைக்கும் உறுமியைக் கேட்டு வளர்ந்த காது அது.

எனக்குக் கோபம் வந்தது அந்தக் குகைக் காற்றில். ஐஸ்லாந்துக் குகையாம், இலவசமாக இறக்கியதாம். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு! பாலின் ஒலிவெரோஸ் என்ற இசைக்கலைஞர் 1988ல் அமெரிக்காவில் காலியாகக் கிடந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் அக்கார்டியனோடு இறங்கினார். 14 அடி ஆழம். அங்கே எழுந்த ஒலி அடங்க 45 விநாடி ஆகும். நம் பக்கம் வற்றின கிணற்றுக்கா பஞ்சம்? நீங்கள் இறங்கித் தொலைக்க வேண்டாம். மைக்கைக் கயிற்றில் கட்டி வாளி மாதிரி விடுங்கள்.

அதைவிட, ஒரே சுருதிக்கு மன்னிப்புக் கேட்டீர்களே, அதுதான் தாங்கவில்லை. என் பெரியப்பா ஒத்து ஊதியவர். நாகஸ்வரத்துக்கு ஒரே சுருதியைப் பிடித்துக் கொடுக்கும் குழல் அது. பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், விரல் வைத்து வாசிக்க அதில் ஒன்றுமில்லை. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். சத்தம் அறுந்துவிடக் கூடாது. திருமங்கலம் பக்கத்துக் கோயில்களில் சாமி புறப்பாடு தொடங்கி விடியும்வரை ஊதுவார். நாகஸ்வரக்காரர் நடுவில் வெற்றிலை போடலாம், தவில்காரர் துண்டால் முகம் துடைக்கலாம். இவர் அசைய முடியாது. இவர் நிறுத்தினால் மற்ற இருவருக்கும் காலுக்கடியில் தரை இருக்காது.

அதற்குத் தமிழ் தந்த மரியாதை என்ன? எவனோ சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். ஜால்ராவுக்கும் அதே கதி. சுருதி பிடிப்பவனையும் தாளம் போடுபவனையும் வசவாக்கிவிட்டு மெட்டுக்காரனுக்கு மட்டும் மாலை போடுகிற ஊரில், பாட்டு எப்ப ஆரம்பிக்கும் என்றுதான் கேட்பார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறீர்களே தம்பி.

பிறகு எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்தது. ஒரு கல்யாணத்தில், “சாப்பிட்டுக் கிளம்புங்கண்ணே” என்று பெரியப்பாவை அனுப்பிவிட்டார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டார்.

கரண்ட் இரைச்சலை அழிக்காதீர்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் அதற்கு இரட்டிப்பாக, 100 ஹெர்ட்ஸில் இரையும். கடைசிக் காலத்தில் பெரியப்பா தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்த் திண்ணையில்தான் ராத்திரி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இவன் மூச்சு வாங்குறதே தெரியலையேடா” என்றார்.