மனிபோல்ட்டைக் கழற்ற முதல்: காற்றுக் கசிவு பற்றிய கேள்வி பதில்

இஞ்சினுக்குள் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதியான இன்ரேக் மனிபோல்ட், காற்றுக் கசிவு பற்றி வன்னியின் பல பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்குக் கிளிநொச்சியிலிருந்து பதில் எழுதுகிறேன். பெற்றோல் இஞ்சின்களுக்கு மட்டும்.

மல்லாவி: 121 கொரோலா, 1என்இசட் இஞ்சின். ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஸ்கானில் பி0171 வருகிறது. மனிபோல்ட்டைக் கழற்றிக் கழுவச் சொல்கிறார்கள்.

தம்பி, இப்போதைக்கு ஒரு போல்ட்டிலும் கை வைக்காதீர்கள். கலவையில் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்பதைத்தான் அந்தக் கோட் சொல்கிறது. காற்று எங்கே நுழைகிறது என்று சொல்லாது. உங்கள் காரில் காற்றை அளக்கும் சென்சர் எயார் பில்டருக்குக் கிட்ட இருக்கிறது. அதைத் தாண்டி எங்காவது வெடிப்பு இருந்தால் அளக்காத காற்று உள்ளே போகும், கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெற்றோலை விடாது.

ஸ்கானரில் பியூவல் டிரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் வீதத்தை, பாருங்கள். ஐட்லிங்கில் கூட்டல் 20, 25 வீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் சைபருக்குக் கிட்ட இறங்கினால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். காற்று வரும் கதவான த்ரொட்டில் மூடியிருக்கும்போதுதான் உறிஞ்சல் கூட. நல்ல இஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவுக்கு இழுக்கும். த்ரொட்டில் திறந்து காற்று நிறையப் போகும்போது கசிவின் பங்கு சிறுத்துவிடும். மாறாக, இஞ்சினுக்குச் சுமை ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெற்றோல் பம்பையும் பில்டரையும் பாருங்கள்.

கசிவு என்று தெரிந்தால் ஹோஸ்களிலிருந்து தொடங்குங்கள். இஞ்சினுக்குள் சேரும் வாயுவை மனிபோல்ட்டுக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸ் இஞ்சின் சூட்டில் காய்ந்து, வளைவின் அடிப்பக்கத்தில் வெடிக்கும். மேலே பார்த்தால் புதிதுபோல இருக்கும். அடியில் விரலால் தடவினால்தான் பிளவு நகத்தில் தட்டுப்படும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கார் நிறுத்துபவர்கள் எலி கடித்த இடத்தையும் தேடுங்கள்.

பரந்தன்: கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கசிவைத் தேடலாமா?

அடிக்கலாம். ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே, சிறிது சிறிதாக. ஐட்லிங் எந்த இடத்தில் மாறுகிறதோ, அங்கேதான் கசிவு. சூடான எக்சோஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி கிட்ட எங்காவது இருந்தால் அதுவே நல்லது.

தருமபுரம்: டிமோ பட்டா ஐட்லிங்கில் குலுக்குகிறது.

அது டீசல். டீசல் பம்ப் வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.

புதுக்குடியிருப்பு: மனிபோல்ட்டுக்கும் இஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் காஸ்கட்தான் போய்விட்டது, உறுதி. நானே கழற்றப்போகிறேன். ஒழுங்கு சொல்லுங்கள் அண்ணை.

முதலில் பெற்றோல் பம்ப் பியூசை இழுத்துவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லைனில் அழுத்தம் இறங்கிவிடும். நன்றாக ஆறியபின் பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோசுக்கும் டேப் ஒட்டி இலக்கம் போட்டு, போனில் படமும் எடுங்கள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்துங்கள். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கத்தை அளந்து பூட்டும் டோர்க் ஸ்பனரால்.

மனிபோல்ட் வெளியே வந்ததும் ஹெட்டின் துவாரங்களைச் சுத்தமான சீலையால் அடையுங்கள். எத்தனை சீலை என்று எழுதி வையுங்கள். நம் கிரவல் தூசி உள்ளே போனால் சிலிண்டரைத் தேய்க்கும். ஒரு சின்ன நட் விழுந்தாலோ பிஸ்டனே உடையும்.

பிளாஸ்டிக் மனிபோல்ட்டுக்குச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். அலுமினியத்துக்குக் கார்ப் கிளீனரும் நைலோன் பிரஷும். ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவிடுங்கள். காஸ்கட் இருக்கும் முகத்தைக் கத்தியால் சுரண்டவே வேண்டாம். நேரான இரும்பு அடிமட்டத்தை அந்த முகத்தில் நிமிர்த்தி வைத்து, 0.1 மில்லிமீற்றர் பீலர் கேஜ் தகடு அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகம் வளைந்துவிட்டது, புதுக் காஸ்கட்டும் நிற்காது.

மாங்குளம்: காஸ்கட் கிடைக்கவில்லை. சிலிக்கன் பூசலாமா?

வேண்டாம். உள்ளே பிதுங்கும் துண்டை இஞ்சின் இழுத்துக்கொள்ளும். சில வகைச் சிலிக்கனின் ஆவி ஒட்சிசன் சென்சரையும் கெடுக்கும். வவுனியாவில் சொல்லி எடுப்பியுங்கள், இரண்டு நாள் காத்திருங்கள்.

முழங்காவில்: சிவப்புச் சிலிக்கன் சூடு தாங்குமாமே?

சூடு தாங்கும். இங்கே பிரச்சினை சூடு இல்லை. மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கள்.

ஒட்டுசுட்டான்: மெல்லிசாகப் பூசினால்?

கூடாது. சிலிக்கன் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

முள்ளியவளை: சோப்பும் கிளீனரும் எதற்கு? மண்ணெண்ணெயில் கழுவினால் போதும். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்டின் ஏ40 காரையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம்.
விசுவமடு: அதனால்தானே அந்த இஞ்சின்களெல்லாம் பழுதாகின?
முள்ளியவளை: பழுதாகினாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது தம்பி.

ஐயா சொல்வது உண்மை. பெற்றோல் வராத அந்தத் தொண்ணூறுகளில், கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அந்தக் கைவேலைக்கு என் மரியாதை என்றும் உண்டு. விசுவமடுத் தம்பி சொல்வதும் சரி: எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஓயிலை நீர்க்கச் செய்தது. ஏ40இன் அமுக்க விகிதம் ஏழு சொச்சம், அதனால் தாங்கியது. 1என்இசட்டுக்கு 10.5. அதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கலவை நேரம் தவறி எரிந்து இஞ்சின் தட்டும்.

கழுவுவது வேறு விஷயம். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும்தான், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். காஸ்கட் முகத்தில் அது இருக்கக் கூடாது. வேறு வழியில்லையென்றால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு சோப்பால் இரண்டு தரம் கழுவுங்கள். பெற்றோலில் கழுவவே வேண்டாம்.

மல்லாவி, மீண்டும்: பிசிவி ஹோஸ்தான் வெடித்திருந்தது அண்ணை, மாற்றிவிட்டேன். ஆனால் இப்போது ஐட்லிங் 1500இல் நிற்கிறது, பிரேக் மிதியும் கல்லாக இருக்கிறது.

மனிபோல்ட்டிலிருந்து, மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் திரும்பப் பூட்டவில்லை. பூட்டி, கிளிப் போட்டு, மிதி இளகியபின் மட்டும் காரை வீதியில் இறக்குங்கள்.