ராணுவம் இல்லாத கோஸ்டா ரிக்கா இனியும் தாக்குப்பிடிக்குமா?

ராணுவத்தையே கலைத்துவிட்ட ஒரு குட்டி நாடு இத்தனை காலம் எப்படி நிலைத்தது, இனி என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். லத்தீன் அமெரிக்காவில் எனக்கு மிகவும் பிடித்த நாடு அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1948இல் தேர்தல் தகராறு உள்நாட்டுப் போராகவே மூண்டது. அதில் ஜெயித்த ஹோசே ஃபிகேரெஸ், அந்த டிசம்பர் 1 அன்று தலைநகர் சான் ஹோசேயில் பெல்லாவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவம் இனி இல்லை என்று அறிவித்தார். இன்று அது தேசிய அருங்காட்சியகம். குண்டு பாய்ந்த தழும்புகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. தேர்தலால் ரத்தம் சிந்திய நாடு என்பதால் தேர்தலைத்தான் கெட்டிப்படுத்தினார்கள். வாக்குப்பதிவுக் காலத்தில் காவல்துறை தேர்தல் தீர்ப்பாயத்தின் கைக்குப் போய்விடும். அதிபரோ 57 எம்.பி.க்களோ அடுத்தடுத்து இரண்டு முறை பதவியில் இருக்க முடியாது.

எந்தப் போரிலும் யார் பக்கமும் சேரமாட்டோம் என்ற நடுநிலை அறிவிப்பு 1983இல்தான் வந்தது, பக்கத்து நிகராகுவா உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தபோது. 2010இல் அதே நிகராகுவாவின் படை எல்லைச் சதுப்புநிலத்தில் புகுந்தது. கோஸ்டா ரிக்கா ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2015இல் நிலம் கோஸ்டா ரிக்காவுடையதே என்று தீர்ப்பானது.

ராணுவத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போனது. பொருளாதாரத்தின் அடித்தளமே அதுதான். படித்த ஆட்கள் இருந்ததால் 1990களில் கணினி சிப் நிறுவனமான இன்டெல் வந்தது. இன்று ஏற்றுமதியில் முதலிடம் காபிக்கோ அன்னாசிக்கோ இல்லை, மருத்துவக் கருவிகளுக்கு.

சரி, எதிர்காலம்? ஆபத்து அண்டை நாட்டிடமிருந்து இல்லை, கோகெய்ன் கும்பல்களிடமிருந்து. சுமார் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் 2023இல் மட்டும் 900க்கு மேல் கொலைகள். கரீபியன் கரையில் மொயின் துறைமுகம் வழியாக, பழக் கன்டெய்னர்களுக்குள் ஒளித்து ஐரோப்பாவுக்குச் சரக்கு போகிறது. துறைமுகத்தில் ஸ்கேனர் வேண்டும், கடலோரக் காவலுக்குக் கூடுதல் படகுகளும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை கல்விதான். மொத்த உற்பத்தியில் 8 சதவீதம் கல்விக்கு என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அண்மை ஆண்டுகளில் ஒதுக்குவதோ 6 சதவீதத்துக்கும் கீழே. பள்ளியை விட்டு நின்ற பையன்களைத்தான் கும்பல்கள் ஆள் சேர்க்கின்றன. எனவே கோஸ்டா ரிக்காவின் அடுத்த பட்ஜெட் வந்தால் நான் முதலில் பார்ப்பது காவல்துறைக்கான ஒதுக்கீட்டை அல்ல, கல்விக்கான ஒதுக்கீட்டை.